நசுங்கிய ஸ்பேசர் திரும்ப நீளாது: பட்டறைப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிஃபரன்ஷியலைப் பற்றியவை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி அது. அதில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் கிரவுன் வீல் என்ற பெரியதைச் சுற்றும். பினியன் தண்டின் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும், நட்டை இறுக்கினால் நசுங்கும் குழல்தான் ஸ்பேசர். மழை முடிந்தால் கடலூர்ப் பக்கம் இப்படித்தான். தண்ணீரில் நின்ற வண்டிகள் எல்லாம் தை, மாசியில் ஊளையிட ஆரம்பிக்கும். கிளட்ச், பிரேக் பற்றி எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நெல்லிக்குப்பத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு லோடு வண்டியின் டிஃபரன்ஷியலைப் பிரித்து நான்கு பேரிங்கும் புதிதாகப் போட்டேன். ஸ்பேசரும் புதிது. பினியன் நட்டை ஆட்டம் போகும்வரை இறுக்கி, பத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். 300 கிலோமீட்டர் ஓடியதும் பினியன் பக்கம் கை வைக்க முடியாத சூடு, ஊளைச் சத்தம். கையேட்டில் நட்டுக்கு ஓர் எண்ணும் சுற்றுவதற்கு ஓர் எண்ணும் போட்டிருக்கிறது. எதைப் பார்த்து இறுக்குவது? (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: தம்பி, "பத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் பேரிங் போனது.

முதலில் அந்த இரண்டு எண்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். நட்டின் இறுக்கம் பெரிய எண். புது ஸ்பேசர் நசுங்க ஆரம்பிப்பதற்கே பல வண்டிகளில் 27, 30 கிலோ-மீட்டர் முறுக்கு வேண்டும். சுற்றும் இறுக்கம் மிகச் சின்ன எண். பினியனைக் கையால் சுற்றும்போது பேரிங் எவ்வளவு எதிர்க்கிறது என்பதுதான் அது. கார், ஜீப், சின்ன லோடு வண்டி அளவுக்குப் புது பேரிங் என்றால் பெரும்பாலும் 17 முதல் 35 கிலோ-சென்டிமீட்டருக்குள் இருக்கும். நியூட்டன்-மீட்டரில் சொன்னால் சுமார் 1.7 முதல் 3.4. ஓடிய பேரிங்கையே திரும்பப் போட்டால் அதில் பாதி போதும், உருளைகளும் பாதையும் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் சட்டம். நான் சொல்வது கையேடு கிடைக்காதவனுக்கு.

பிரீலோடு என்று சொல்வது இந்தச் சின்ன எண்ணைத்தான். நட்டின் முறுக்கைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பேசர் நசுங்க எவ்வளவு அடம்பிடிக்கிறது என்று மட்டும்தான் நட்டு சொல்லும். பேரிங் என்ன சொல்கிறது என்பது சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

எதற்காக இந்த இறுக்கம்? கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு தொய்ந்திருந்தால் ஆள் உட்கார்ந்ததும் குழி விழும். முன்னாலேயே இழுத்துக் கட்டியிருந்தால் அதே ஆள், அதே எடை, குழி குறைவு. பினியன் தண்டில் இரண்டு டேப்பர் பேரிங்குகள் (கூம்பு வடிவ உருளை வைத்தவை) எதிரெதிராக உட்கார்ந்திருக்கின்றன. கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கிரவுன் வீலின் பல் பினியனைத் தன்னைவிட்டு விலகும்படி தள்ளுகிறது. பேரிங்கில் தொய்வு இருந்தால் பினியன் அந்தத் தொய்வு அளவுக்கு நகர்ந்துவிடும். பல் நடுவில் பட வேண்டியது ஓரத்தில் படும். ஊளை அங்கிருந்துதான் வருகிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் அளவு நகர்ந்தாலே ஹைபாய்டு எனும் இந்தச் சாய்ந்த வளைவுப் பல்லுக்குப் பொறுக்காது. அதனால் சுமை வருவதற்கு முன்பே கொஞ்சம் இறுக்கிவைக்கிறோம்.

அதிகமாக இறுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கம், நான் சொந்தமாகத் திருப்பாதிரிப்புலியூரில் ஷட்டர் போட்ட இரண்டாம் வருடம். கல்யாணப் பார்ட்டிக்காகத் திருப்பதி போக வேண்டிய அம்பாசடர் டாக்ஸி. டிஃபரன்ஷியலை நான்தான் கட்டினேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி கையால் ஒரு சுற்றுச் சுற்றி "ம், போதும்" என்பார், அதுதான் அவருடைய அளவு. நானும் சுற்றிப் பார்த்தேன். புது பேரிங், கொஞ்சம் கட்டையாகவே இருக்கட்டும், ஓட ஓடத் தளரும் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். திண்டிவனம் தாண்டவில்லை. எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் பினியன் சீல் கருகி, எண்ணெய் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறிப் போனார்கள். நான் ஸ்பேனர் பையோடு போய்ப் புளியமரத்தடியில் பிரித்தேன். உள் பேரிங்கின் உருளைகள் ஒரு பக்கம் வைக்கோல் நிறம், மறு பக்கம் நீலம். எஃகு வைக்கோல் நிறம் காட்டினால் 220 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம், நீலம் 300-ஐ ஒட்டி. அந்த பேரிங்கை இன்னும் வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவது. டாக்ஸிக்காரருக்கு நான் கொடுத்த நஷ்டஈட்டை அடைக்க மூன்று மாதம் ஆனது.

சரி, அளப்பது எப்படி? முறுக்கு காட்டும் சின்ன ரெஞ்ச் இல்லை என்று கவலைப்படாதீர்கள். அந்தச் சம்பவத்துக்கு அடுத்த மாதம் முதுநகர் மீன்பிடித் துறையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கொக்கியில் வஞ்சிரத்தை மாட்டி ஸ்பிரிங் தராசைத் தூக்கிக் காட்டினார். அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. பத்து கிலோ தராசு ஒன்று, கூடவே தூண்டில் நரம்பு இரண்டு முழம். இன்றுவரை என் பிரீலோடு கேஜ் அதுதான். முள் சரியாக நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுப் பார்ப்பேன்.

பினியனை மட்டும் ஹவுசிங்கில் மாட்டுங்கள். கிரவுன் வீல் வெளியே இருக்கட்டும். சீலையும் இப்போது போடாதீர்கள், அதன் உராய்வும் கணக்கில் சேர்ந்துவிடும். பேரிங்கில் கியர் எண்ணெய் தடவுங்கள், உலர்ந்த பேரிங் பொய் சொல்லும். பினியன் தண்டின் வெளி நுனியில் இருக்கும் ஃபிளேஞ்ச் தட்டின் வட்டமான பகுதியில் நரம்பை நாலைந்து சுற்றுச் சுற்றி, நுனியில் தராசை மாட்டி, ஒரே சீராக இழுங்கள். முதலில் வெடுக்கென்று ஏறும் எண்ணைப் பார்க்காதீர்கள். அது நின்ற பேரிங் நகர மறுக்கும் எண். சுற்றிக்கொண்டிருக்கும்போது முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கிலோவை நரம்பு சுற்றிய இடத்தின் ஆரத்தால் பெருக்குங்கள். விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் ஆரம் 5. தராசு 5 கிலோ காட்டினால் 25 கிலோ-சென்டிமீட்டர், பிரமாதம். அதே ஃபிளேஞ்சில் 3 கிலோ காட்டினால் 15, புது பேரிங்குக்குக் கொஞ்சம் குறைவு. 9 காட்டினால் 45. புளியமரத்தடியில் நான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வரட்டும்.

இப்போது நட்டு. ஃபிளேஞ்ச் சுற்றாமல் இருக்க நீளமான பட்டையைப் போல்ட் போட்டுப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காது. நட்டு ஏறும், பினியனை முன்னும் பின்னும் அசைத்தால் டக் டக்கென்று ஆடும். பிறகு ஆட்டம் சட்டென்று நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து உங்கள் கை வேறு ஆளுடைய கையாக மாற வேண்டும். ஆட்டம் நிற்பதற்கும் சரியான பிரீலோடு வருவதற்கும் நடுவில் நட்டு சுற்றுவது மிகக் கொஞ்சம், கடிகார முள் ஒரு நிமிடம் நகர்வது போல. ஒரு சுண்டு சுண்டுங்கள், பினியனைப் பத்துச் சுற்றுச் சுற்றி உருளைகளை உட்காரவையுங்கள், தராசைப் போடுங்கள். மறுபடி ஒரு சுண்டு. எனக்கு இதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஏர் கன்னால் டுர்ரென்று ஏற்றும் பையன் அரை நிமிடத்தில் முடிப்பான், அவன் வண்டி திரும்பியும் வரும்.

தாண்டிவிட்டால்? நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. ஸ்பேசர் ஏற்கெனவே குட்டையாக நசுங்கிவிட்டது, திரும்ப நீளாது. தளர்த்திய நட்டு பேரிங்கை ஸ்பேசரோடு சேர்த்து நெருக்கிப் பிடிக்காமல் சும்மா நிற்கும், பள்ளத்தில் இறங்கும் முதல் அதிர்ச்சியில் தளரும். பிரிக்க வேண்டும், புது ஸ்பேசர் போட வேண்டும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் நான் எப்போதும் இரண்டு ஸ்பேசர் வாங்கிவைப்பேன்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், ஒரு மீட்டர் பைப் மாட்டி ஆள் தொங்கினார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அறுபது கிலோ ஆள் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் தொங்கினால் 60 கிலோ-மீட்டர். ஸ்பேசர் நசுங்கத் தேவையானது போல இரண்டு மடங்கு. ஒரே தொங்கலில் எங்கே போய் நின்றதோ, பேரிங்குக்குத்தான் வெளிச்சம். இப்போது இருக்கிற பேரிங்கைச் சுற்றிப் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ உருளைப் பாதையில் கோடு விழுந்திருந்தாலோ வெளி வளையத்தோடு சேர்த்து மாற்றுங்கள். உள் வளையமான கோனை மட்டும் மாற்றி, வெளி வளையமான பழைய கப்பை விடக் கூடாது.

பினியனுக்கு ஆழம் வைக்கும் ஷிம்மை (மெல்லிய தகடு) முன்பே சரிபார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வரிசை முக்கியம். ஆழம், பினியன் பிரீலோடு, பிறகு கிரவுன் வீல் பக்கத்து இரண்டு பேரிங், பிறகு பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள தளர்வு), கடைசியில் பல்லில் சாயம் தடவிப் பார்ப்பது. பக்கத்து பேரிங்குகளுக்கும் பிரீலோடு உண்டு, இதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். அதன் இறுக்கத்தைப் பினியன் வழியாகச் சுற்றிப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். விகிதம் நாலுக்கு ஒன்று என்றால் கிரவுன் பக்கத்து உராய்வில் கால் பங்குதான் பினியனுக்கு வந்து சேரும். அதனால் அங்கே தப்பு செய்தால் கையே கண்டுபிடிக்காது. திருகு வளையம் உள்ள வண்டியில் கையேட்டு எண்ணுக்குத் திருகுங்கள். ஷிம் வைக்கும் வண்டியில் ஆட்டம் சரியாகப் பூஜ்யம் ஆகும் மொத்த ஷிம்மைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் கையேடு சொல்லும் தடிமனைச் சேர்க்க வேண்டும். பழைய டானா 44 வகை ஆக்சில்களில் இது 0.38 மி.மீ.

பேக்லாஷ் பெரும்பாலான வண்டிகளில் 0.10 முதல் 0.20 மி.மீ. டயல் கேஜ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், மீன் தராசுக்கு இங்கே வேலை இல்லை. கிரவுன் வீலைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். சரிசெய்யும்போது ஒரு பக்கத்திலிருந்து எவ்வளவு ஷிம் எடுக்கிறீர்களோ அவ்வளவையும் மறு பக்கம் வைத்துவிடுங்கள், அப்போதுதான் சிரமப்பட்டு வைத்த பிரீலோடு கலையாது. கிரவுன் வீல் 0.10 நகர்ந்தால் பேக்லாஷ் சுமார் 0.07 மாறும். இந்தக் கணக்கு தெரிந்தால் நாலு முறை பிரிக்க வேண்டியதை இரண்டு முறையில் முடிக்கலாம்.

கடைசியாக ஒன்று. பேரிங்கைத் தண்டில் ஏற்ற கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டியில் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் தானாக இறங்கும். 120-ஐத் தாண்டவிடாதீர்கள். அப்புறம், மதியம் இரண்டு மணிக்கு மேல் கடல்காற்று மணலோடு வரும். பேரிங் திறந்திருக்கும் நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு வேர்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

கேள்வி: மறைந்த என் கணவரின் அம்பாசடரை நான் இன்னும் ஓட்டுகிறேன். 50 வேகத்தில் பின்னால் ஒரு முனகல். மெக்கானிக் "டிஃபரன்ஷியல் முழுசா போச்சு, மாத்தணும்" என்கிறார். நம்பலாமா? (பாகூர் வாசகி)

பதில்: அம்மா, அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பிரிப்பதற்கு முன் நீங்களே பத்து நிமிடத்தில் பாதி உண்மையைக் கண்டுபிடிக்கலாம். கன்னியக்கோவில் பக்கம் மெயின் ரோடு காலியாக இருக்கும் விடியற்காலையில் போங்கள். 50-இல் சீராக ஓட்டுங்கள், சத்தம் வரட்டும். பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். முனகல் நின்றாலோ, சுருதி மாறினாலோ கிரவுன் பினியன் பல்லிலிருந்து வருகிறது. மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வண்டி வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங். பினியன் பேரிங் சக்கரத்தைப் போல நாலு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் அதன் சத்தம் மெல்லியதாக, உயர்ந்ததாக இருக்கும். சக்கர பேரிங் என்றால் கடகடவென்று கீழ்ச் சுருதியில் இருக்கும், வண்டியை லேசாக இடம் வலம் வளைத்தால் கூடிக் குறையும். ரோடு மாறினதும் சத்தம் மாறினால் டயர், அப்போது யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் எண்ணெய் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிலின் நிரப்பும் பிளக்கைத் திறந்தால் எண்ணெய் ஓட்டையின் விளிம்பில் நிற்க வேண்டும். வருடக்கணக்கில் யாரும் திறந்தே பார்க்காத பிளக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

பேரிங்தான் என்றால் பேரிங்கை மட்டும் மாற்றி, பிரீலோடு வைத்தால் போதும், முழுசாக மாற்ற வேண்டியதில்லை. பல்லே தேய்ந்திருந்தால் கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வர வேண்டும். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றாக உரசிப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது, ஆனால் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். எண் பொருந்தாத ஜோடியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உங்கள் வண்டி மாதத்துக்கு எவ்வளவு ஓடும்? நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் என்றால், எண்ணெய் சுத்தமாக, இரும்புத் துகள் இல்லாமல் இருந்தால், மெல்லிய முனகலோடு சில வருடம் ஓட்டலாம். எங்கள் தொழில்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வந்தபோது எங்கள் பொலீரோ இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜின் வேலை எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது பின் ஆக்சிலில் எண்ணெய் மாற்றியபோது காபி நிறத்தில் வந்தது. மாற்றியாகிவிட்டதே, போதுமா? (நாணமேடு வாசகர்)

பதில்: போதாது ஐயா. 2024 டிசம்பர் முதல் வாரம் உங்கள் பக்கம் எவ்வளவு தண்ணீர் என்று நானும் பார்த்தேன். ஆக்சிலுக்கு மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் முங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்தச் சுருக்கம் மூச்சுக்குழல் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். காபி நிறம் அதுதான்.

முதலில் இன்னும் ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள். 80டபிள்யூ-90, ஜிஎல்-5 கியர் எண்ணெய் போட்டு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு வடித்து, மறுபடி புது எண்ணெய். முதல் மாற்றலில் ஆக்சில் குழாய்களின் ஓரத்தில் தங்கிய ஈரம் வெளியே வராது. பிரீதரை ஊதிப் பாருங்கள், சேறு அடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு காதை வைத்துக் கேளுங்கள். இரண்டு நாள் வண்டி அசையாமல் நின்றது, இல்லையா? உருளைகள் எங்கே தொட்டுக்கொண்டு நின்றனவோ அங்கே, பாதையில், உருளைக்கு ஒன்றாகத் துருக்கோடு விழும். ஆறு, கடலோடு சேரும் இடம் உங்களுடையது, தண்ணீரில் உப்பும் இருந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் சீப்பால் கீறியது போல இருக்கும். அப்படி இருந்தால் யாராவது "கொஞ்சம் இறுக்கிவிட்டால் சத்தம் போயிடும்" என்பார்கள். போகும், ஒரு மாதத்துக்கு. குழி விழுந்த பாதையில் பிரீலோடு கூட்டினால் குழி இன்னும் ஆழமாகும். பேரிங்கை மாற்ற வேண்டும், வேறு வழி இல்லை.

கேள்வி: பினியன் சீல் மட்டும் ஒழுகுகிறது. சீல் மாற்ற நட்டைக் கழற்ற வேண்டும். பிரீலோடு போய்விடாதா? (வில்லியனூர் வாசகர்)

பதில்: கவனமாகச் செய்தால் போகாது. கழற்றுவதற்கு முன் பின் சக்கரங்களைத் தூக்கி, புரப்பெல்லர் ஷாஃப்டை எடுத்துவிட்டு, சுற்றும் இறுக்கத்தை அளந்து எழுதிவையுங்கள். நட்டு, தண்டு, ஃபிளேஞ்ச் மூன்றிலும் ஒரே கோடாக உளியால் குறி போடுங்கள். வெளியே தெரியும் மரைகளையும் எண்ணுங்கள். புது சீல் போட்டபின் அதே குறிக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். புது சீல் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடிக்கும், அதனால் பழைய எண்ணைவிட ஒரு பொடி கூடுதலாக வந்தால் நிறுத்திவிடலாம். குறைந்தால் மட்டும் முடி அளவு இறுக்குங்கள். குறி போடாமல் கழற்றிவிட்டேன் என்று நீங்கள் அடுத்த கடிதம் எழுதினால், புது ஸ்பேசர் வாங்குங்கள் என்றுதான் பதில் வரும்.

கேள்வி: நசுங்கின பழைய ஸ்பேசருக்கு ஒரு வாஷர் வைத்து உயரம் கூட்டிப் போடலாமா? (பெயர் எழுதாதவர்)

பதில்: பெயர் எழுதாமல் விட்டது நல்லதுதான்.

கேள்வி: டிஃபரன்ஷியலைக் கண்டுபிடித்தது யார்? என் நண்பன் ஜெர்மன்காரர் என்கிறான். (நெல்லித்தோப்பு மாணவர்)

பதில்: புதுச்சேரிக்காரர் ஜெர்மன்காரரிடம் விட்டுக்கொடுக்கலாமா தம்பி? மோட்டார் வண்டிக்கு ஏற்ற டிஃபரன்ஷியலுக்கு 1820-களின் பிற்பகுதியில் காப்புரிமை வாங்கியவர் ஒனேசிஃபோர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர், கடிகாரத் தொழில் தெரிந்தவர். அப்போது பெட்ரோல் கார் கிடையாது, நீராவி வண்டிக்காக யோசித்தது. திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், இரண்டையும் ஒரே அச்சில் பூட்டினால் ஒன்று தேய்த்துக்கொண்டே வரும், அதற்குத்தான் இது. நாம் இவ்வளவு நேரம் பேசிய டேப்பர் பேரிங் பிறகு வந்தது. அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் 1898-இல் காப்புரிமை வாங்கினார்.

கேள்வி: போன இதழில் கைக்கணக்கை நம்பாதே என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது வருடமாகக் கையால் சுற்றிப் பார்த்தே கட்டுகிறேன். ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை. தராசு வைத்திருப்பவன் மீன் விற்கட்டும். (முதுநகர், ஓய்வு பெற்ற மெக்கானிக்)

பதில்: அண்ணே, கோபம் புரிகிறது. என் மேஸ்திரியும் இதையேதான் சொல்லியிருப்பார், இன்னும் கெட்ட வார்த்தையில்.

கைக்கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க ஒரே வகை ஆக்சிலைக் கட்டுபவருடைய கை தராசு மாதிரிதான். அம்பாசடர், ஜீப் என்று இரண்டே வகை ஓடிய காலத்தில் அது பலித்தது. இப்போது காலையில் பொலீரோ, மதியம் சின்ன யானை, சாயங்காலம் யாரோ கொண்டுவந்த பழைய ஜிப்ஸி. ஃபிளேஞ்ச் பெரிதாக இருந்தால் அதே பிரீலோடு கைக்கு லேசாகத் தெரியும், சின்னதாக இருந்தால் கட்டையாகத் தெரியும். கை மாறவில்லை, ஆரம் மாறுகிறது. சோதித்துப் பார்க்கலாம் என்று என் பையன்கள் மூவரையும், என்னையும் சேர்த்து, ஒருநாள் கண்ணைக் கட்டிச் சுற்றவைத்தேன். 20 கிலோ-சென்டிமீட்டரில் வைத்த பினியனை ஒருவன் 12 என்றான், இன்னொருவன் 40 என்றான். நான் 30 சொன்னேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்துதான் இருக்கும். இரண்டு பினியன்களை வெவ்வேறு ஃபிளேஞ்சில் கட்டிவைக்கிறேன். நீங்கள் கையால் சொல்லுங்கள், பிறகு தராசைப் போடுவோம். இரண்டு கிலோ-சென்டிமீட்டருக்குள் சொல்லிவிட்டீர்கள் என்றால் அடுத்த இதழில் இந்தப் பக்கம் முழுக்க உங்கள் பேச்சுதான், டீயும் என் செலவு. தவறினால் வஞ்சிரம் ஒரு கிலோ நீங்கள் வாங்கித் தர வேண்டும். எடை போடத் தராசு என்னிடமே இருக்கிறது.